ஏலாக்குறிச்சி முனிவரும் ஸ்பானிஷ் வினைச்சொல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். "ஸ்பானிஷ் நல்லா வரட்டும்னு வீட்டுல தமிழைக் குறைச்சிட்டோம் டீச்சர்" என்று ஒரு பழைய மாணவி சொன்னாள். அவள் குழந்தைக்கு வராத பாடம் எது என்று கேட்டேன். தன்னையே குறிக்கும் வினைச்சொற்களாம். தமிழில் இதெல்லாம் கிடையாது என்றும் சொன்னாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பானிஷில் 'லாவார்' என்றால் கழுவுவது. பாத்திரத்தைக் கழுவினால் 'லாவோ' போதும். என் கையையே கழுவினால் 'மே லாவோ லாஸ் மானோஸ்' என்று சொல்ல வேண்டும். அந்த 'மே'தான் பிள்ளைகளைக் குழப்புவது. நாம் எப்படிச் சொல்கிறோம்? பாத்திரத்தைக் கழுவினேன், கையைக் கழுவிக்கொண்டேன். அவர்களுடைய 'மே' செய்யும் வேலையை நம் 'கொள்' என்ற துணைவினை செய்கிறது. யாருடைய கை என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

இன்னொன்று. நாவிதர் முடி வெட்டினார். நான் முடி வெட்டிக்கொண்டேன். கத்தரி பிடித்தது நானில்லை, ஆனாலும் அப்படித்தான் சொல்கிறோம். ஸ்பானிஷிலும் கடைக்குப் போய் முடி வெட்டி வந்தவர் 'மே கொர்தே எல் பெலோ' என்கிறார். இருவர் ஒருவரையொருவர் தழுவினால் நமக்குத் 'தழுவிக்கொண்டார்கள்', அவர்களுக்கு 'சே அப்ராசாரோன்'. நம் ஊர்ப் பேச்சில் 'கட்டிக்கிட்டாங்க', 'அடிச்சுக்கிட்டாங்க' என்பதில் உள்ள 'கிட்டு'வும் இதே 'கொண்டு'தான்.

எல்லா இடத்திலும் 'கொள்' வராது. எழுந்தான், எழுப்பினான், உடைந்தது, உடைத்தான் என்று தன்வினை, பிறவினை பாடத்தில் படித்தீர்களே, நினைவிருக்கிறதா? நாம் வினையின் உருவத்தையே மாற்றிக் காட்டுவதை அவர்கள் 'சே' சேர்த்துக் காட்டுகிறார்கள். 'லெவந்தார்' என்றால் தூக்குவது, 'லெவந்தார்சே' என்றால் எழுவது. 'ரொம்பேர்' உடைப்பது, 'ரொம்பேர்சே' உடைவது.

வேறுபாடும் உண்டு. நம் 'கொள்' எல்லோருக்கும் ஒன்றே. கடைசி விகுதிதான் மாறும். அவர்களுக்கு நான் என்றால் 'மே', நீ என்றால் 'தே', அவன் என்றால் 'சே', நாங்கள் என்றால் 'நோஸ்'. 'பேசிக்கொண்டிருந்தேன்' என்பதில் வரும் 'கொண்டு' தொடர்ந்து நடப்பதைக் காட்டுவது. அதை இதோடு சேர்க்கக் கூடாது.

இந்தப் பாலத்தை எதிர்க்கரையிலிருந்து கடந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் 1546இல் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறை மக்களிடம் தமிழ் கற்றுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார், அதுவும் போர்த்துக்கீசிய மொழியில். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவர் ஆக்கியதுதான். ஸ்பானிஷுக்குத் தங்கைபோன்ற போர்த்துக்கீசியத்திலும் இதே 'சே' உண்டு.

அடுத்தவர் நம் அரியலூர் மாவட்டத்துக்காரர் என்றே சொல்வேன். கொள்ளிடக்கரைப் பக்கத்து ஏலாக்குறிச்சியில் பல ஆண்டு வாழ்ந்த வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து 1710இல் இந்தியா வந்தார். முப்பது வயதில் தமிழுக்கு வந்தவர் 1726இல் 'தேம்பாவணி' முடித்தார். 1730இல் 'தொன்னூல் விளக்கம்', 1732இல் 'சதுரகராதி'. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். அவர் தாய்மொழியான இத்தாலியனில் 'கையைக் கழுவிக்கொள்கிறேன்' என்பது 'மி லாவோ' என்று தொடங்கும். கழுவிக்கொண்டான் என்று நம் மக்கள் சொல்லக் கேட்டபோது, முன்னால் நிற்க வேண்டிய சொல் பின்னால் போய் வேறு வினையாக ஒட்டியிருப்பதை அவர் புரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும்.

இருவரிடமும் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ் கற்க வேண்டும் என்று இருவரும் தங்கள் மொழியைக் கைவிடவில்லை. ஹென்றிக்கஸ் போர்த்துக்கீசியத்தில் விளக்கினார். வீரமாமுனிவர் 1728இல் பேச்சுத் தமிழுக்கு, அதாவது கொடுந்தமிழுக்கு, இலக்கணம் எழுதியது லத்தீனில். பின்னால் வரும் பாதிரியார்களுக்குத் தெரிந்த மொழி அதுதானே! தெரிந்த மொழியில் காலை ஊன்றித்தான் தெரியாத மொழிக்கு எட்டு வைக்க முடியும். நான் ஆசிரியப் பயிற்சி படித்து, சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். வகுப்பறையிலும் இதைத்தான் கண்டேன்.

ஆகவே வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு என் வேண்டுகோள்: தமிழைக் குறைக்காதீர்கள். ஸ்பானிஷுக்கு இடம் ஒதுக்குகிறோம் என்று நினைத்து, ஏறிப் போக வேண்டிய ஏணியை எடுத்துவிடுகிறீர்கள். இன்று சாப்பிட உட்காரும்போது, "தம்பி கையைக் கழுவு, நீயும் கழுவிக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது. என்ன சொன்னான், என்ன சொன்னாள் என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.