காலுக்கு வேலை எழுதுகிறவர்கள்

ரௌட்டருக்குள் இருக்கும் சிப்பின் கால்களைப் பற்றி இலக்கிய இதழில் எழுதுவதா என்று நண்பர் கேட்டார். எழுதலாம். யார் எழுதி வைத்தார்கள், எங்கே எழுதி வைத்தார்கள் என்பதுதானே இதிலும் கேள்வி.

எங்கள் லாயாங் லாயாங், குளுவாங் மாவட்டத்தில் ரயில் நிலையம் உள்ள ஒரு சிற்றூர். சுற்றிலும் செம்பனை, ஒரு காலத்தில் ரப்பர். தோட்டத்துப் பெரட்டைப் பற்றித் தாத்தா சொல்வார்: "மரம் சீவுறவனும் அவன்தான், புல்லு வெட்டுறவனும் அவன்தான். கிராணி எந்த வரியில பேர போடுறாரோ அதான் அன்னிக்கு வேல." சிப்பின் கால்களும் அப்படித்தான். கால்கள் கூடினால் சிப்பு பெரிதாகும், விலை ஏறும். அதனால் ஒரே காலுக்கு இரண்டு மூன்று வேலைகளை உள்ளே வைத்துவிட்டு, எந்த வேலை என்பதை ஒரு ரெஜிஸ்டரில் உள்ள பிட்டுகளிடம் விட்டுவிடுகிறார்கள்.

தைவானின் ராலிங்க் நிறுவனம் செய்த ஆர்டி3050 சிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 7 முதல் 14 வரை உள்ள எட்டுக் கால்களும் ஒரு முழு சீரியல் போர்ட்டாக இருக்கலாம். அல்லது ஜிபிஐஓ, அதாவது விளக்கு எரியவும் பொத்தானைக் கவனிக்கவும் உதவும் சாதாரணக் கால்களாகலாம். 17 முதல் 21 வரை ஐந்து கால்கள் ஜேடேக். தொழிற்சாலையில் போர்டைச் சோதிக்க 1990இல் தரப்படுத்தப்பட்ட முறை அது. வீட்டுக்கு வந்த ரௌட்டரை அப்படி யார் சோதிக்கப் போகிறார்கள்? ஆகவே அந்தக் கால்களிலும் விளக்கை மாட்டிவிடுவது உண்டு. சிக்கனம்தான், குறை சொல்ல முடியாது.

இந்த ஏற்பாடெல்லாம் எங்கே எழுதப்பட்டிருந்தது? 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி வந்தது. அதற்குள் லினக்ஸ் ஓடுவதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல் உரிமத்தின்படி மூல நிரலைத் தர வேண்டும் என்ற நெருக்கடியில் நிறுவனம் அதை வெளியிட்டது. அந்த நிரலிலிருந்துதான் 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி கிளம்பியது. அக்காலத்தில் ஒவ்வொரு போர்டின் விவரமும் சி மொழியில், கர்னலுக்குள்ளேயே கிடந்தது. போர்டுகள் பெருகப் பெருகக் குப்பை சேர்ந்தது. ஏஆர்எம் பக்கம் சேர்ந்த குப்பையைப் பார்த்து 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் பொதுவில் கடிந்துகொண்டார். அவர் வாய்தான் தெரியுமே.

தீர்வு புதிதல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கணினிகளில் வளர்ந்து, 1994இல் ஐஇஇஇ 1275 என்று தரமாகிய ஓப்பன் ஃபர்ம்வேர் ஏற்கெனவே வன்பொருளை ஒரு மரமாக வருணித்தது. அதைத் தட்டையாக்கிப் பவர்பிசி லினக்ஸ் எடுத்துக்கொண்டது, பிறகு ஏஆர்எம். கால்களின் வேலைப் பங்கீட்டுக்கான பின்கன்ட்ரோல் பகுதி 2012 ஜனவரியில், லினக்ஸ் 3.2இல் வந்தது. செய்தவர் லினஸ் வல்லெய், இன்னொரு லினஸ்.

இன்று எட்டுக் கால்களின் வேலையை மாற்ற இரண்டு வரி போதும்: குரூப்ஸ் என்பதற்கு எதிரே யுஆர்ட்எஃப், ஃபங்ஷன் என்பதற்கு எதிரே ஜிபிஐஓ. என்னிடம் இருந்த ஒரு பெட்டியில் விளக்கு எரியவே இல்லை. விளக்கின் எண் சரி, பெயர் சரி. கால் மட்டும் இன்னும் சீரியல் போர்ட் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வரி எழுதியதும் எரிந்தது. ஆனால் எரிய வேண்டிய நேரத்தில் அணைந்தது, அணைய வேண்டிய நேரத்தில் எரிந்தது! பல போர்டுகளில் காலில் மின்னழுத்தம் இறங்கும்போதுதான் விளக்கு எரியும். அதையும் 'ஆக்டிவ் லோ' என்று எழுதித் தர வேண்டும்.

எந்தக் கால் எந்த விளக்குக்குப் போகிறது என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும். வெளியான மூல நிரலில் சில நேரம் எண்கள் இருக்கும். இல்லையென்றால் கையால்தான் தேட வேண்டும். ஒவ்வொரு காலாக ஏற்றி இறக்கி, முன்பக்கம் எது மினுக்குகிறது என்று பார்க்கணும். பொத்தானை அழுத்திப் பிடித்து எந்த எண் மாறுகிறது என்று பார்க்கணும். நடுவில் ரீசெட்டுக்குப் போகும் காலைத் தொட்டுவிட்டால் பெட்டி அப்படியே உறைந்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு ராத்திரி வேலை. எனக்கு இது தொழில்நுட்பத்தைவிடக் கள ஆய்வாகத்தான் படுகிறது. ஆவணம் இல்லாத தோட்டத்தில் கிழவர்களிடம் லயம் லயமாகக் கேட்டுப் போவோமே, அதுபோல.

இப்படி எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஏதெரோஸ் சிப்புகளுக்கான பழைய ஏஆர்71எக்ஸ்எக்ஸ் பிரிவு சி கோப்புகளால் ஆனது. 2018இல் ஏடிஎச்79 என்ற புதிய பிரிவு, மர வருணனையோடு வந்தது. பழையது 19.07 வெளியீட்டோடு நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றி எழுதிய பெட்டிகள் 21.02க்குப் போயின. யாரும் எழுதாதவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அத்தோடு நின்றன. அப்படிப்பட்ட பெட்டிகள் பழைய சாமான் கடைக் கூடைகளில் இன்னும் சில வெள்ளிக்குக் கிடைக்கின்றன.