பார்த்தீனியம் செடியால் உண்டாகும் தோல் ஒவ்வாமை: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

வயல் வரப்பு, சாலையோரம், தரிசு நிலம், ஊர்ப் பொதுவிடம் என எங்கும் வெள்ளை நிறச் சிறு பூக்களுடன் அடர்ந்து நிற்பது பார்த்தீனியம் செடி. இலைகள் காரட் இலையைப் போலப் பிளவுபட்டிருக்கும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950களின் நடுவில் புணே நகரில் கண்டறியப்பட்ட பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரே செடி பல ஆயிரம் விதைகளை உதிர்க்கிறது. ஆகவே இதை ஊரிலிருந்து ஒரே பருவத்தில் ஒழித்துவிட இயலாது. ஒவ்வாமை உள்ளவர் இச்செடிக்கு அருகிலேயே வாழ வேண்டியவராக இருக்கிறார். அந்த வாழ்க்கையை எவ்வாறு பாதுகாப்பாக அமைத்துக்கொள்வது என்பதையே இப்பக்கம் விளக்குகிறது.

ஒவ்வாமை எவ்வாறு உண்டாகிறது?

செடியின் இலை, தண்டு, பூ ஆகியவற்றின் மேலுள்ள நுண்ணிய மயிர்களில் பார்த்தீனின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. இது தோலில் திரும்பத் திரும்பப் படும்போது, சிலருடைய உடலின் எதிர்ப்பாற்றல் அதனைப் பகையாக அடையாளம் கண்டுகொள்கிறது. இவ்வாறு ஆவதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். “இருபது ஆண்டுகளாக இந்தச் செடியைப் பிடுங்கி வருகிறேன், இப்போது மட்டும் ஏன்?” என்று கேட்கும் உழவர்களுக்கு இதுவே விடை. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் அரிப்பு தொடங்கும். பட்டவுடன் தோன்றாமல் ஓரிரு நாள் கழித்துத் தோன்றுவதால், காரணம் எது என்று பலருக்குப் புலப்படுவதில்லை.

செடியைத் தொட்டால்தான் நோய் வரும் என்று எண்ண வேண்டாம். காய்ந்த செடி நொறுங்கி, அதன் துகள்கள் காற்றில் கலந்து முகத்திலும் கழுத்திலும் படிகின்றன. ஆகவே வேலைக்குச் செல்லாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவருக்கும் இந்நோய் கூடலாம். மகரந்தத்தினால் சிலருக்குத் தும்மல், மூக்கொழுகல், ஆஸ்துமா ஆகியவையும் உண்டாகின்றன.

அறிகுறிகள்

முகம், கண்ணிமைகள், கழுத்து, சட்டையின் திறந்த மேற்பகுதி, முழங்கையின் உள்மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு ஆகிய இடங்களில் சிவப்பும் கடும் அரிப்பும் தோன்றும். நீர் கசியலாம், நாளடைவில் தோல் தடித்துக் கருமையடையும். வெயிலில் நின்றால் எரிச்சல் மிகும். தொடக்கத்தில் மழைக்குப் பின் செடி தழைத்துப் பூக்கும் மாதங்களில் மட்டும் தொல்லை தந்து, பிறகு தணியும். கவனியாமல் விட்டால் ஆண்டு முழுவதும் நீடிக்கும்.

இந்நோய் தொற்றுநோய் அன்று. முகத்தோல் தடித்துவிட்ட நிலையில் சிலர் இதனைத் தொழுநோய் என்று ஐயுற்று, நோயாளியைத் தனித்தட்டில் உண்ணச் செய்வதும் விலக்கி வைப்பதும் உண்டு. அதற்கு எவ்விதக் காரணமும் இல்லை. ஐயம் இருப்பின் தோல் மருத்துவரிடம் காட்டித் தெளிவு பெறவும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் எனப்படும் பரிசோதனையைச் செய்வார். செடியின் சாற்றைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பர். மேலும் ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பர். அதுவரை முதுகை நனைக்கக் கூடாது. நீங்கள் பயன்படுத்திவரும் களிம்புகளையும் மாத்திரைகளையும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டவும். அவற்றுள் சில பரிசோதனையின் முடிவை மறைத்துவிடும்.

சிகிச்சையில் ஸ்டீராய்டு களிம்பு, ஈரப்பதம் காக்கும் களிம்பு, அரிப்பைத் தணிக்கும் மாத்திரை ஆகியவை தரப்படும். நோய் கடுமையாக இருந்தால் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும், நீடித்த நோய்க்கு அசதியோபிரின் போன்ற மருந்தும் தேவைப்படலாம். இம்மருந்தை உண்பவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரிப்பு நின்றுவிட்டது என்று பரிசோதனையைத் தவிர்க்கலாகாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஸ்டீராய்டு களிம்பு முதல் வாரத்தில் நல்ல பயன் தருவதுபோல் தோன்றும். அதனாலேயே நோயாளிகள் அதனை விடாமல் பல மாதங்கள் பூசுகின்றனர். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் தோன்றும். இமைமேல் நெடுநாள் பூசினால் கண்ணழுத்தம் கூடிப் பார்வைக்கே கேடு நேரலாம். உறவினருக்குக் குணமான களிம்பு உங்களுக்கும் ஏற்றது என்று கொள்ள வேண்டாம்.

பச்சிலை வைத்தியத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. வெட்டுக்காயப் பூண்டு, கரிசலாங்கண்ணி ஆகியவை பார்த்தீனியம் சார்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சாமந்தி, செண்டுமல்லி, சூரியகாந்தி ஆகியவையும் அவ்வாறே. இவை எல்லோருக்கும் ஒவ்வாமை தருவதில்லை. எனினும் புண்பட்ட தோலில் இவற்றை அரைத்துப் பூச வேண்டாம். பூக்கட்டும் தொழில் செய்பவர், சாமந்தி கட்டும் நாட்களில் அரிப்பு கூடுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் கூறவும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வெளியிலிருந்து திரும்பியதும் முகம், கை, கால்களைக் கழுவி உடையை மாற்றவும். துகள் தலைமுடியில் தங்கித் தலையணைக்குச் செல்லும் என்பதால், வயலுக்குச் சென்ற நாளில் தலைக்கும் குளிப்பது நலம். துவைத்த துணியைச் செடி மண்டிய வேலியின்மேல் உலர்த்த வேண்டாம். இது எளிய செய்தியாகத் தோன்றினும் பலர் தவறுவது இங்கேதான். நோயாளியின் வேலை உடையை வீட்டினுள் உதறாமல் வெளியே உதறித் தனியே துவைக்கவும். செடி மண்டிய இடத்தில் மேய்ந்து வரும் மாட்டின் உடலிலும் துகள் ஒட்டியிருக்கும். எனவே கறவையையும் தீவனம் போடுவதையும் வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது நல்லது.

வெளியே செல்லும்போது முழுக்கைச் சட்டை அணிந்து, கழுத்தைத் துண்டால் மூடிக்கொள்ளவும். உச்சி வெயிலைத் தவிர்க்கவும்.

செடியை அகற்றும்போது

ஒவ்வாமை உள்ளவர் இச்செடியைப் பிடுங்கவே கூடாது. கையுறை அணிந்தாலும் முகத்தில் துகள் படும். ஊரக வேலைத் திட்டத்தில் களை அகற்றும் பணி தரப்பட்டால், உங்கள் நோயைத் தெரிவித்து வேறு பணி கேட்கவும்; மருத்துவரின் சான்று இதற்கு உதவும்.

வீட்டைச் சுற்றியுள்ள செடிகளையாவது பிறர் மூலம் முதலில் அகற்றிவிடவும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன், வேருடன் பிடுங்குவதே சரியான முறை. பிடுங்குபவர் ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். துணிக் கையுறை செடியின் சாற்றை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும் என்பதால் பயனில்லை. பூக்காத செடியைக் குழியிலிட்டு மட்கச் செய்யலாம். காய்ந்த செடியைக் குவித்து எரிக்க வேண்டாம். புகையோடு துகளும் பரவும். பயிர் செய்யாத இடங்களில், ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். வயலில் இதனைத் தெளித்தால் மண் கெடும். அகற்றிய இடத்தில் ஆவாரையை வளரவிட்டால், பார்த்தீனியம் மீண்டும் தலையெடுப்பது குறையும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

உடல் முழுவதும் சிவந்து செதில் உதிர்ந்து குளிர் நடுக்கம் ஏற்பட்டாலோ, புண்ணில் சீழும் காய்ச்சலும் கண்டாலோ காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறலால் தொடர்ந்து பேச இயலாத நிலை ஏற்பட்டால் 108 எண்ணை அழைக்கவும்.