மவுன்ட் லாரல் நிலவழக்கு

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில், உள்ளூர் வரலாறு எழுதப்படாமல் எவ்வளவோ கிடக்க, கடல் கடந்த ஓர் ஊரின் நிலவழக்கை எழுதப் புகுந்ததற்குக் காரணம் கூறுதல் கடமையாகும். ஊரென்றும் சேரியென்றும் குடியிருப்புப் பிரிந்து கிடக்கும் நாட்டில் பிறந்தவர்கள் நாம். ஒருவன் குடியிருக்கும் இடமே அவன் பிள்ளை படிக்கும் பள்ளியையும், குடிக்கும் தண்ணீரையும், தேடிப்போகும் வேலையையும் வரையறுத்து விடுகிறது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் அப்பிரிவினையை வழக்கம் காத்தது. அமெரிக்க நாட்டிலோ, நிறம் என்ற சொல்லையே எழுதாத நகராட்சி விதிகள் அதனைக் காத்து நின்றன. சதுர அடியும் ஏக்கரும் படுக்கையறைக் கணக்குமே அங்கு வேலியாயின. இவ்வகை வேலியை அடையாளம் காண நம் இளைஞர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே நம் விருப்பம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. இவ்வழக்கைத் தொடுத்தது, கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்காக 1909இல் தோன்றிய தேசிய சங்கத்தின் வட்டாரக் கிளைகள். அச்சங்கத்தை நிறுவியவருள் ஒருவர் அறிஞர் டு பாய்ஸ். அண்ணல் அம்பேத்கர் 1946இல் அவருக்கு மடல் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். டு பாய்சும் மறுமொழி எழுதினார். அவர்கள் பட்ட பாட்டை நாம் அறிய வேண்டும் என்ற எண்ணம் அண்ணல் காலத்திலிருந்தே உள்ளது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்கள் சில, இன்ன தெருவில் வெள்ளையரே வாழலாம், இன்ன தெருவில் கறுப்பரே வாழலாம் என்று வெளிப்படையாகவே சட்டம் செய்தன. லூயிவில் நகரின் அத்தகைய சட்டத்தை 1917இல் உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது. அதன்பின் பரவியதே நில உபயோகப் பகுப்பு முறை. இந்நிலம் வீட்டுக்கு, இந்நிலம் கடைக்கு, இந்நிலம் தொழிற்சாலைக்கு என்று நகராட்சி வரைபடத்தில் வண்ணந்தீட்டிப் பிரிப்பது அது. அம்முறையில் நன்மை இல்லாமலில்லை. புகை கக்கும் ஆலை பள்ளிக்கூடத்திற்கு அருகில் வராமல் தடுப்பது நல்லதுதானே! ஆனால் தனி வீட்டுக்கென ஒதுக்கிய பகுதியில் அடுக்குமாடி வீடும் கூடாது என்று அதே வரைபடம் கூறியது. ஒகையோ மாநிலத்து யூக்ளிட் என்னும் ஊர் தொடர்பான வழக்கில் 1926இல் உச்சநீதிமன்றம் இம்முறையை ஏற்றுக்கொண்டது. தனி வீடுகளுக்கிடையே எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது அத்தீர்ப்பு. மக்களை வருவாய்ப்படி வகுத்துப் பிரிப்பதே இதன் விளைவு என்று கீழ்நீதிமன்ற நீதிபதி 1924இலேயே எச்சரித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் கூற்று நிலைக்கவில்லை.

நியூ ஜெர்சி மாநிலத்தில், பிலடெல்பியா, கேம்டன் ஆகிய தொழில் நகரங்களுக்கு அணித்தே மவுன்ட் லாரல் என்னும் ஊர் உள்ளது. பரப்பு 22 சதுர மைல். 1950இல் அங்கு வாழ்ந்தோர் 2,817 பேரே. நெடுஞ்சாலைகள் வந்தபின் நகரத்து வெள்ளையர் புறநகர் தேடிக் குடிபெயர, 1970இல் அத்தொகை 11,221 ஆயிற்று. அப்போதும் ஊர் நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பங்கு காலியாகவோ விளைநிலமாகவோ இருந்தது. நிலம் இல்லை என்று சொல்ல அவ்வூருக்கு வழியில்லை.

அவ்வூரின் ஒரு மூலையில் ஸ்பிரிங்வில் என்ற பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. பண்ணைகளில் உழைத்தவர்கள் அவர்கள். புதிதாகக் குடியேறிய கனவான்களுக்கு அவ்வூர் ஒரு முகவரி. இவர்களுக்கோ பாட்டன் முப்பாட்டன் மண். ஆயினும் இவர்கள் வீடுகள் பாழடைந்திருந்தன. கோழிக் கொட்டகைகளைத் திருத்தி வீடாக்கிக்கொண்டு வாழ்ந்தவரும் உண்டு. வாழத் தகுதியற்றவை என்று ஊராட்சி அவ்வீடுகளை ஒவ்வொன்றாக மூடியது. மூடிய வீட்டுக்கு மாற்று வீடு தரவில்லை. பிள்ளைகள் வளர்ந்து மணம் முடித்தால் அவ்வூரில் குடியிருக்க இடமின்றிக் கேம்டன் நகரத்துச் சேரிகளுக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

இந்நிலையில் அம்மக்கள் ஒரு மன்றம் அமைத்து, மாநில அரசின் உதவியோடு 36 அடுக்குமாடி வீடுகள் கட்டத் திட்டமிட்டனர். அதற்கு நில உபயோக மாற்றம் வேண்டும். ஊராட்சி மறுத்தது. 1970இல் அம்மக்களின் மாதா கோயிலுக்கே வந்த ஊர்த்தலைவர், இவ்வூரில் வாழ வசதியில்லாதவர் வேறிடம் செல்ல வேண்டியதுதான் என்று பொருள்படப் பேசிச் சென்றார். கேட்டுக்கொண்டிருந்தவருள் ஒருவர் எதல் லாரன்ஸ் அம்மையார். அவருடைய முன்னோர் அவ்வூரில் பல தலைமுறை வாழ்ந்தவர்கள். 1971இல் தொடுக்கப்பட்ட வழக்கில் அவரும் வாதியானார்.

இங்கே சற்று நின்று அவ்வூரின் விதிகளைப் பார்த்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புக்கென நான்கு வகைப் பகுதிகள். நான்கிலும் ஒரு மனைக்கு ஒரு தனி வீடு என்பதே சட்டம். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு கூடாது; அடுக்குமாடி கூடாது. ஒரு பகுதியில் மனை குறைந்தது 9,375 சதுர அடி இருத்தல் வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ நான்கு கிரவுண்டு. வீடோ 1,100 சதுர அடிக்குக் குறையக் கூடாது. மற்றொரு பகுதியில் மனையளவு அரை ஏக்கர். ஊரின் நிலத்தில் நூற்றுக்கு 29 பங்குக்கு மேல், அதாவது 4,121 ஏக்கர், தொழிற்சாலைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் உண்மையில் தொழிற்சாலை எழுந்த நிலம் ஏறத்தாழ 100 ஏக்கர்! எஞ்சியதில் எவரும் வீடு கட்டவியலாது.

பெருங்கட்டட முதலாளிகளுக்கு மட்டும் தனி ஒப்பந்தத்தின்பேரில் அடுக்குமாடி கட்ட இசைவு அளித்தனர். அதிலும் ஒரு சூழ்ச்சி. பெரும்பாலான வீடுகள் ஒற்றைப் படுக்கையறையோடு இருத்தல் வேண்டும்; அவற்றில் பள்ளி வயதுப் பிள்ளை இருத்தலாகாது; இரண்டு படுக்கையறை வீட்டில் இரு பிள்ளைகளுக்கு மேற்படக் கூடாது; கணக்குக்கு மிஞ்சிப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தால் அச்செலவை முதலாளியே தர வேண்டும். குழந்தைகளைக் கண்டு அஞ்சும் ஓர் ஊர்! பள்ளிக்கூடமே வாழ்வாகக் கொண்ட நமக்கு இப்பகுதியைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. காரணம் இதுதான்: அங்குப் பள்ளிச் செலவின் பெரும்பங்கை அவ்வூர் வீட்டு வரியே தாங்கியது. தொழிற்சாலை வந்தால் வரி வரும், பிள்ளை வராது. பெரிய வீடு வந்தால் வரி மிகும். ஏழைக் குடும்பம் வந்தால் வரி குறைந்து பிள்ளைகள் மிகுவர். ஆகவே எதிர்த்தவர் எல்லாரும் நிறவெறியர் என்று நாம் எழுதமாட்டோம். வரிச்சுமைக்கு அஞ்சியவரும் இருந்தனர். ஆனால் அக்கணக்கின் முடிவில் வெளியே நின்றவர் யார் என்பதைத்தான் வரலாறு கேட்கும். அம்முதலாளிகளும் அந்நிபந்தனைகளை ஏற்றுக் கையொப்பமிட்டவர்களே.

நியூ ஜெர்சி உச்சநீதிமன்றம் 1975 மார்ச்சு 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரெடரிக் ஹால். இவரே 1962இல் இதுபோன்ற மற்றொரு வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர். அன்று சிறுபான்மையாக இருந்த கருத்து பதின்மூன்று ஆண்டுகளில் சட்டமாயிற்று. நிலத்தைப் பகுக்கும் அதிகாரம் ஊராட்சிக்குச் சொந்தமானதன்று, மாநிலம் கொடுத்தது, பொதுநலத்துக்கே அதனைப் பயன்படுத்தலாம். பொதுநலம் என்பது ஊர் எல்லைக்குள் ஏற்கெனவே வாழ்பவர் நலம் மட்டுமன்று. அவ்வட்டாரத்தில் வீடு வேண்டி நிற்பவர் நலமுமாகும். ஆதலின் வளரும் ஊர் ஒவ்வொன்றும் வட்டாரத்து ஏழைகளுக்கான வீடுகளில் தன் நியாயமான பங்குக்கு இடம் விட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஊராட்சியின் உள்நோக்கம் தீயதா நல்லதா என்று மன்றம் ஆராயவில்லை. விளைவைப் பார்த்தது.

இதன் அருமையை உணர, இல்லினாய் மாநிலத்தில் சிகாகோவை அடுத்த ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்னும் ஊரில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1970 கணக்கெடுப்பில் அவ்வூரின் 64,000 மக்களில் கறுப்பினத்தவர் 27 பேர்! அங்கு ஒரு கிறித்தவத் துறவியர் சபை தன் 80 ஏக்கர் நிலத்தில் 15 ஏக்கரை, இலாப நோக்கமற்ற ஒரு வீட்டுவசதி நிறுவனத்திற்கு 190 வீடுகள் கட்ட அளிக்க முன்வந்தது. சுற்றிலும் தனி வீட்டுப் பகுதி. 1971இல் மூன்று பொதுக்கூட்டங்கள் நடந்தன, பெருங்கூட்டம் திரண்டது. இந்நிலம் என்றும் தனி வீட்டுக்குரியது, அதை நம்பியே வீடு வாங்கினோம், எங்கள் சொத்து மதிப்புக் குறையும் என்றனர் எதிர்த்தோர். யார் வந்து குடியேறுவர் என்பதைப் பற்றியும் பேச்சு எழுந்தது. ஊராட்சி மன்றம் ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் நில உபயோக மாற்றத்தை மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. பாகுபாட்டு நோக்கம் இருந்ததென மெய்ப்பித்தாலன்றி அரசியலமைப்பின்படி அம்மறுப்புச் செல்லும் என்று 1977இல் அம்மன்றம் கூறிவிட்டது. வழக்கு வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ்த் தொடர்ந்து, கடைசியில் வேறோர் இடத்தில் கட்டுவதென்று சமரசத்தில் முடிந்தது.

எனினும் அத்தீர்ப்பில் ஒரு பகுதியை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம். நோக்கத்தை எவ்வாறு அறிவது? முடிவுக்கு முந்தைய நிகழ்ச்சிகளின் வரிசை, வழக்கமான நடைமுறையிலிருந்து விலகல், கூட்டங்களில் உறுப்பினர் பேசிய சொற்கள், கூட்டக் குறிப்பேடு ஆகியவற்றிலிருந்து என்றது மன்றம். நம் மாநிலத்திலும் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் உண்டு. அதன்கீழ் முழுமைத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. அவை தொடர்பாக ஆட்சேபணை கேட்டு வெளியாகும் அறிவிப்பை நம்மவர் எத்தனை பேர் படிக்கிறோம்?

மீண்டும் மவுன்ட் லாரலுக்கு வருவோம். வென்ற தீர்ப்பு வீடாகிவிட்டதா? இல்லை. ஊராட்சி மூன்று சிறு துண்டுகளை, மொத்தம் 20 ஏக்கரை, ஏழைகளுக்கென வரைபடத்தில் மாற்றிக் காட்டிவிட்டு அமைந்தது. ஆண்டுகள் ஓடின, ஏழைக்கு ஒரு வீடும் எழவில்லை. வழக்கு மறுபடியும் ஏறியது. 1983 சனவரியில் தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் எழுதிய இரண்டாம் தீர்ப்பு, தாள் மட்டும் போதாது, வீடு வேண்டும் என்று கடிந்தது. புதிய வழியொன்றையும் அது வகுத்தது. கட்டப்போகும் வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு போலக் கணிசமான பகுதியை எளியோருக்கு ஒதுக்கும் கட்டட முதலாளி, மறுக்கும் ஊரை எதிர்த்து வழக்காடி நில உபயோக மாற்றம் பெறலாம் என்றது. முதலாளியின் இலாப ஆசையையே ஏழையின் கருவியாக்கிய ஏற்பாடு. அதனால் ஐந்தில் நான்கு பங்கு வசதியுள்ளோருக்கே போயிற்று என்பதும் உண்மை.

ஊர்கள் கொதித்தெழுந்தன. 1985இல் சட்டமன்றம் ஒரு வீட்டுவசதிச் சட்டம் இயற்றி, வழக்குகளை ஓர் அரசுக் குழுவிடம் மாற்றியது. அச்சட்டத்தில் ஒரு வாயிலும் வைத்தது: பணக்கார ஊர் தன் பங்கில் பாதி வரை, பணம் கொடுத்து ஏழை நகரத்தின் தலையில் கட்டலாம்! எம் தெருவில் வேண்டாம், செலவை வேண்டுமானால் தருகிறோம் என்னும் இப்பேச்சு நமக்குப் புதிதன்று. 2008இல்தான் அவ்வாயில் அடைக்கப்பட்டது. அக்குழுவும் நெடுங்காலம் கடமை தவறியதால் 2015இல் உச்சநீதிமன்றம் பொறுப்பை நீதிமன்றங்களுக்கே திருப்பியது. 2024இல் புதுச்சட்டம் அக்குழுவையே கலைத்தது.

எதல் லாரன்ஸ் அம்மையார் 1994இல் மறைந்தார். அவர் கேட்ட வீடுகள் அப்போதும் கட்டப்படவில்லை. 1997இல் ஊர்த் திட்டக்குழு முன் அத்திட்டம் வந்தபோது, இருபத்தேழு ஆண்டுகளுக்குமுன் எழுந்த அச்சங்களே மீண்டும் எழுந்தன. குற்றம் பெருகும், சொத்து மதிப்பு வீழும், பள்ளி நிரம்பி வழியும் என்று மண்டபம் நிறைந்த கூட்டத்தில் பலர் முழங்கினர். இம்முறை சட்டம் வேறாக இருந்தது, திட்டக்குழு இசைவளித்தது. 2000ஆம் ஆண்டில் முதற் குடும்பங்கள் குடியேறின. பின்னர் முழுமையடைந்த 140 வீடுகளுக்கும் எதல் லாரன்ஸ் இல்லங்கள் என்று பெயர்.

சமூகவியல் அறிஞர் டக்ளஸ் மேசியும் அவர்தம் குழுவினரும் அக்குடியிருப்பை ஆராய்ந்து 2013இல் நூல் வெளியிட்டனர். அண்டை ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் குற்றம் பெருகவில்லை. சொத்து மதிப்பு வீழவில்லை. வரியும் அதனால் ஏறவில்லை. அங்குக் குடியேறியோரின் வேலைவாய்ப்பும் பிள்ளைகளின் கல்விச் சூழலும் மேம்பட்டிருந்தன. அடுத்த தெருக்களில் வாழ்ந்தவர்களைக் கேட்டபோது, அப்படியொரு குடியிருப்பு அங்கு இருப்பதையே அறியாதவர் பலர் இருந்தனர்.