நகைக்கடை உலோகம் புற்றுநோய் மருந்தான கதை

பிளாட்டினம் என்றதும் நகைக்கடைதான் ஞாபகத்துக்கு வரும். துருப்பிடிக்காது, எதனுடனும் எளிதில் சேராது. அந்தக் குணத்தை நம்பித்தான் 1960களில் ஓர் ஆய்வகத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். நம்பிக்கை பொய்த்தது. உலகத்துக்கு ஒரு மருந்து கிடைத்தது!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர் பார்னெட் ரோசன்பெர்க். இவர் டாக்டர் அல்ல, இயற்பியல் படித்தவர். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே தெரியும் இழைகள், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் நிற்பதுபோல அவருக்குத் தோன்றின. அப்படியானால் மின்சாரத்தால் செல் பிரிவதைத் தடுக்க முடியுமா? ஈ.கோலை பாக்டீரியா வளரும் திரவத்தில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்.

பாக்டீரியாக்கள் பிரிவது நின்றுவிட்டது. ஆனால் வளர்ச்சி நிற்கவில்லை. வழக்கத்தைவிட 300 மடங்கு வரை நூல்போல நீண்டன. மின்சாரத்தை நிறுத்தியதும் மறுபடி பிரியத் தொடங்கின. எல்லாம் மின்சாரத்தின் வேலை என்று அத்துடன் விட்டிருக்கலாம். அவர் குழு விடவில்லை. தோண்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: மின்முனையிலிருந்து துளித்துளியாகக் கரைந்த பிளாட்டினம், திரவத்தில் இருந்த அம்மோனியா, குளோரைடுடன் சேர்ந்து ஒரு சேர்மமாகியிருந்தது. 1965-ல் இது நேச்சர் இதழில் வெளியானது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சேர்மம் புதியதே அல்ல! இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே 1840களிலேயே அதைத் தயாரித்திருந்தார். அதன் வடிவத்தை ஆல்ஃபிரட் வெர்னர் 1893-ல் விளக்கினார். ஆனால் அது மருந்தாகும் என்று யாரும் நினைக்கவில்லை.

பாக்டீரியா பிரிவதைத் தடுக்கிறது என்றால், கட்டுப்பாடில்லாமல் பிரியும் புற்றுநோய் செல்லை? எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் சுருங்கின. 1969-ல் அதுவும் நேச்சரில் வந்தது. மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். செல்லுக்குள் போனதும் இது குளோரைடை உதறிவிட்டு டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு அதை வளைத்துவிடும். பழுதைச் சரிசெய்ய முடியாத செல் செத்துவிடும்.

1974-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஐன்ஹார்ன், விரைப்புற்றுநோய்க்கு இதை வேறு இரண்டு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தார். பெரும்பாலும் இளைஞர்களைத் தாக்கும் நோய் அது. அப்போது அது பரவிவிட்டால் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. இந்தச் சிகிச்சையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டி முழுவதும் மறைந்தது. 1978-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இதற்கு விலையும் உண்டு. கடுமையான வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு, காது கேளாமை. அதனால்தான் கார்போபிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் என்று அடுத்தடுத்து வந்தன. ஆனாலும் பழைய சிஸ்பிளாட்டின் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இன்னொரு விலையும் இருக்கிறது. காப்புரிமை முடிந்து மருந்து மலிவானது. லாபம் குறைந்தது, தயாரிப்பவர்களும் குறைந்தார்கள். 2022 இறுதியில் நடந்த ஆய்வுக்குப் பிறகு குஜராத்தில் ஒரே ஓர் ஆலை உற்பத்தியை நிறுத்தியதும், 2023-ல் அமெரிக்க மருத்துவமனைகளில் தட்டுப்பாடு! யாருக்கு முதலில் கொடுப்பது என்று டாக்டர்கள் யோசிக்க வேண்டிய நிலை வந்தது.

பிளாட்டினம் மருந்தாகும் என்று கண்டுபிடிக்க ஒரு விபத்தும் விடாமுயற்சியும் போதுமாக இருந்தன. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமென்றால் வேதியியல் மட்டும் போதாது. சந்தைக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.