ஏறிய கியரில் இறங்கு

பொன்முடிக்குப் புறப்படுகிறவர்கள் எஞ்சின் இழுக்குமா என்றுதான் கேட்பார்கள். நெடுமங்காட்டில் எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஆசானின் கவலையெல்லாம் இறக்கத்தைப் பற்றியது. கல்லாற்றைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி சுமார் 1,100 மீட்டர். அன்று டாக்சி என்றால் அம்பாசிடர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் தரைக்குப் போகும். "ஏறின கியர்ல இறங்குடே" என்று சொல்லித்தான் ஆசான் சாவியைக் கொடுப்பார்.

லைனிங் தேய்ந்தால் ஷூவைத் தூக்கிப் போடமாட்டோம். பழைய ரிவெட்டைத் துளைத்தெடுத்து, புது லைனிங்கைப் பொருத்தி, நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் அடித்துக்கொண்டு போவோம். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் இடைவெளி நிற்கும். அந்த ஷூ பாதி பரப்பில்தான் பிடிக்கும். பிறகு டிரம்முக்குள் சாக்பீஸைத் தேய்த்து, ஷூவை அதில் உரசி, வெள்ளை ஒட்டிய மேடுகளை அரத்தால் ராவுவோம். முழுப் பரப்பிலும் வெள்ளை படியும்வரை ஆசான் விடமாட்டார். லைனிங்கில் அன்று இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூசியை வாயால் ஊதித் தள்ளினோம். அது நுரையீரலைத் தின்னும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் இங்கிலாந்தில் 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-ல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் அதை வைத்துத்தான் ஜெயித்தது. எங்கள் பட்டறைக்கு அது வந்துசேர்ந்தது மாருதி 800-ன் முன்சக்கரத்தில். அந்தக் கார் வெளிவந்ததே 1983 கடைசியில். டிஸ்க் காற்றில் திறந்து நிற்பதால் சீக்கிரம் ஆறும். சூட்டில் விரிந்தாலும் பேடை விட்டு விலகாது. இந்த மலைக்கு அது பெரிய வரம்.

ஆனால் ரிவெட் அடித்த கைக்குக் காரில் வேலை போயிற்று. காலிபரைக் கழற்று, பிஸ்டனை உள்ளே தள்ளு, புது பேடை வை, முடிந்தது. சுலபமான வேலை என்பதால் டிஸ்க்கை யாரும் அளந்து பார்ப்பதில்லை. எந்தக் கனத்துக்குக் கீழே போகக்கூடாது என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிவரையாவது கொதிக்காது. ஈரம் இழுத்துப் பழசானது 140-லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் வெறுமையாகும்.

பேடை மட்டும் மாற்றித்தாங்க, சாயங்காலம் மலைக்குப் போகணும் என்று வருகிறவர்களிடம் முதலில் மைக்ரோமீட்டரைத்தான் காட்டுவேன். டிஸ்க் மெலிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்றுவேன். அதற்கு ஒப்பாதவர் வண்டியை நான் கையில் எடுப்பதில்லை.