ரயில் அட்டவணையும் ஆங்கிலமும்

பொத்தேரி ரயிலடியை ஒட்டி, 1985-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட வளாகம். உள்ளே பாடம் ஆங்கிலத்தில். அக்கம்பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், ‘இங்கிலீஷ் வராது சார்’ என்கிறது. இந்த ‘வராது’ எங்கிருந்து வந்தது?

1835-இல் மெக்காலே விரும்பியது ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே ஒரு வர்க்கத்தை. 1854-இன் உட் அறிக்கை உயர்கல்விக்கு ஆங்கிலம், வெகுசனத்துக்குத் தாய்மொழி என்று பிரித்தது. மேலே யார், கீழே யார் என்பதைச் சாதி ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் தலித் மக்களின் நிலை பற்றி 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. காலடி மண்ணுக்கே ஆணை தேவைப்பட்டவர்களுக்கு ஆங்கிலம் எட்டாத தூரம்.

1968 ஜனவரி 23-இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழும் ஆங்கிலமும் எல்லாப் பிள்ளைக்கும் என்றானது. ஆனால் வகுப்பறையில் நடந்தது என்ன? வாத்தியார் வாசிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார், கேள்வி-பதிலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும். ஆங்கிலம் பாடமாக இருந்ததே ஒழிய மொழியாக இருக்கவில்லை.

வேறு வழி இருந்ததா? இருந்தது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு, பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண வரிசையை ஒதுக்கிவிட்டு, ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து ஆங்கிலத்தில் கணக்குப் போட, யோசிக்க வைத்தார். கவனம் விஷயத்தில் இருந்தால் மொழி தானாகப் படியும் என்பது அவர் வாதம். முடிவுகள் பற்றிச் சர்ச்சை உண்டு. ஆனால் உலகமே விவாதித்த அந்த முயற்சி நம் அரசுப் பள்ளிகளின் அன்றாடமாக ஆகவில்லை.

மாறாக, 2012-13 தொடங்கி அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாயின. ஆங்கிலத்தைக் கற்றுத்தருவதற்குப் பதில், ஆங்கிலத்தில் கற்றுத்தருவது. இரண்டும் ஒன்றல்ல. மொழியே பிடிபடாத பிள்ளைக்கு இப்போது அறிவியலும் மனப்பாடமாகிவிடுகிறது.

இதைச் சொல்லும்போது எச்சரிக்கையும் வேண்டும். சொந்தப் பிள்ளையைக் கான்வென்டுக்கு அனுப்பிவிட்டு, சேரிப் பிள்ளைக்குத் தமிழே போதும் என்பது பழைய உட் அறிக்கைதான். ஆங்கிலம் கேட்கும் தாய் ஏமாளி இல்லை. கதவு எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். சிந்திக்கத் தமிழும், கதவைத் திறக்க ஆங்கிலமும் ஒரே பள்ளியில் அவள் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதே கேள்வி. ரயில் அட்டவணை பொத்தேரி ஸ்டேஷனிலும் உண்டு.