மணவாளக்குறிச்சி மணலும் ஏரோபிளேன் மோட்டாரும்

"டாக்டர், ஏழடி இறக்கையில ஒரு அக்ரோபாட்டிக் ஆர்.சி. ஏரோபிளேன் கட்டுறேன். 50 சிசி பெட்ரோல் இன்ஜின் வைக்கவா, எலக்ட்ரிக் போகவா?"ன்னு தூத்துக்குடி தம்பி ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தார். ரெண்டு வரியில பதில் சொல்லிரலாம்னுதான் ஆரம்பிச்சேன். அது நம்ம கடற்கரை மணல் வரைக்கும் இழுத்துட்டுப் போயிருச்சு. அதனால எல்லாருக்குமா ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல கேட்ட கேள்விக்குப் பதில்: எலக்ட்ரிக்.

கணக்கு இதுதான். ஏழெட்டு கிலோ விமானம். ஆறு செல் லிப்போ பேட்டரி ரெண்டைத் தொடரா இணைச்சா 12 செல், 44.4 வோல்ட். 100 ஆம்பியர் இழுத்தா 4,440 வாட். ஏறக்குறைய 6 ஹெச்.பி. நம்ம ஊர் தோட்டத்துக் கிணத்து மோட்டாரே பெரும்பாலும் 5 ஹெச்.பி.தான்! மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, இறக்கையோட தயவே இல்லாம புரொப்பல்லர் இழுவையிலேயே அந்தரத்துல நிக்கணும்னா கிலோவுக்கு 400 வாட்டாவது வேணும். இங்க 550க்கு மேலயே இருக்கு. மோட்டார் 200 கேவி பக்கம் (ஒரு வோல்ட்டுக்கு 200 சுற்று), புரொப்பல்லர் 22, 23 அங்குலம், ஸ்பீடு கன்ட்ரோலர் 120 ஆம்பியருக்குக் குறையாம. 5,000 எம்ஏஹெச் பேட்டரின்னா ஆறு நிமிஷம் பறக்கலாம்.

ஆறே நிமிஷமான்னு கேக்காதீங்க. ஒரு கிலோ பெட்ரோல்ல சுமார் 12,000 வாட்-மணி சக்தி இருக்கு, ஒரு கிலோ லிப்போவுல 150 இருந்தா அதிகம். ஆனா குட்டிக்கரணம் அடிக்கிற விமானத்துக்கு வேண்டியது ரொம்ப நேரம் ஓடுற சக்தி இல்ல, கேட்ட நொடியில கிடைக்கிற சக்தி. அதிர்வும் கிடையாது, டேங்க் காலியாகக் காலியாக எடை நகர்ற தொல்லையும் கிடையாது.

டாக்டரா ஒரு வார்த்தை சொல்லணும். பெட்ரோல் இன்ஜின் புரொப்பல்லர்ல எதாவது மாட்டினா பெரும்பாலும் அணைஞ்சிரும். எலக்ட்ரிக் அப்படி இல்ல, தடை வந்தா இன்னும் கரண்ட் இழுத்து சுத்தப் பார்க்கும். நடுவுல இருக்கிறது உங்க விரலா இருந்தாலும்தான். பேட்டரியை மாட்டின நொடியிலிருந்து விமானம் ஆன்ல இருக்குன்னே வெச்சுக்கோங்க. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள லிப்போவை விட்டுட்டுப் போகாதீங்க. உப்புக்காத்து பட்டா கனெக்டர்ல பச்சை பூக்கும். உப்புக்காத்து இரும்பை என்ன பண்ணும்னு ஆராயவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் நம்ம துறைமுகப் பக்கம் ஒரு மையம் வெச்சிருக்குன்னா பாத்துக்கோங்க.

இப்போ வரலாற்றுக்கு வருவோம்.

எலக்ட்ரிக் மாடல் விமானம் நேத்து வந்ததில்ல. 1957 ஜூன் 30ல இங்கிலாந்துல கர்னல் டாப்ளின் 'ரேடியோ குயின்'ங்கிற மாடலை வெள்ளி-துத்தநாக பேட்டரியில பறக்கவிட்டார். 1973ல ஆஸ்திரியாவுல ஃப்ரெட் மிலிட்கி வடிவமைச்ச மின் விமானத்துல ஒரு மனுஷனே ஏறிப் பறந்தார், பத்து நிமிஷத்தை ஒட்டி. (அதே 1973லதான் நம்ம தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சிக்காரங்க சிப்பிக்குள்ள முத்தை வளர்த்துக் காட்டினாங்க. கடைசி முத்துக்குளிப்பு முடிஞ்சு அப்போ 12 வருஷம்.) ஆனா குட்டிக்கரணம்? அதுக்கு வழியே இல்ல. பேட்டரி கனம். அதைவிட, காந்தம் சோதா.

பேட்டரி கதை எல்லாருக்கும் தெரியும்: 1991ல சோனி லித்தியம் அயனை விற்பனைக்குக் கொண்டுவந்தது, செல்போன் வந்தது, விலை இறங்குச்சு. காந்தத்தோட கதையை யாரும் சொல்றதில்ல. அதுலதான் நாம வர்றோம்.

1885. வியன்னாவுல கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக்னு ஒரு வேதியியலாளர். அதுவரை ஒரே தனிமம்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்த 'டிடிமியம்'ங்கிறதை ரெண்டாப் பிரிச்சார். அதுல ஒண்ணுதான் நியோடிமியம். அதே வருஷம் அதே மனுஷன் கேஸ் விளக்குக்கு மேன்டில் கண்டுபிடிச்சு காப்புரிமையும் வாங்கினார். கல்யாண ஊர்வலத்துல தலையில தூக்கிட்டு வருவாங்களே பெட்ரோமாக்ஸ், அதுக்குள்ள வெள்ளையா ஒளிர்ற வலைப்பை, அதேதான்.

பின்னாடி மேம்படுத்தின மேன்டிலுக்கு முக்கியமான பொருள் தோரியம். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேணும். ஐரோப்பாவுல தெருவெல்லாம் கேஸ் விளக்கு எரிஞ்ச காலம், மோனசைட் எங்க கிடைக்கும்னு உலகம் பூராத் தேடினாங்க. 1909ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர், திருவிதாங்கூர்ல இருந்து போன தேங்காய்நார்க் கயித்துல ஒட்டியிருந்த மஞ்சள் துகளை வெச்சு மோப்பம் பிடிச்சு மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். தூத்துக்குடியிலிருந்து கடலோரமாவே போனா திருநெல்வேலிக்கு அடுத்த மாவட்டம். அப்போ அது திருவிதாங்கூர் ராஜ்யம், 1956ல நம்மகூட சேர்ந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரங்க கையிலிருந்து தொழில் போச்சு, பிரிட்டிஷ்காரங்க எடுத்துக்கிட்டாங்க.

எனக்கு இதுல பிடிச்ச இடம் இது. அந்த மணல்ல தோரியம் ஏறக்குறைய 8, 9 சதவீதம்தான். பாதிக்கு மேல இருந்தது அருமண் தனிமங்கள், நியோடிமியமும் சேர்த்து. ஆனா எல்லாருக்கும் வேண்டியது தோரியம். மிச்சத்துக்குப் பெரிய மதிப்பில்ல. அதைக் கலந்து சிகரெட் லைட்டருக்குத் தீப்பொறிக் கல் செஞ்சாங்க, அதுவும் அதே வெல்ஸ்பாக்தான். நியோடிமியத்தைக் கண்டுபிடிச்சவருக்கே அதை என்ன பண்றதுன்னு தெரியல.

நாடு விடுதலையானதும் 1950ல இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து அருமணல் நிறுவனத்தைத் தொடங்கினாங்க. அப்பவும் கண்ணு தோரியம் மேலதான், அணுசக்திக்காக.

அப்புறம் 1982ல ஜப்பான்ல சுமிட்டோமோ நிறுவனத்துல மசாட்டோ சகாவா நியோடிமியம், இரும்பு, போரான் மூணையும் சேர்த்து ஒரு காந்தம் செஞ்சார். அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்ல ஜான் குரோட்டும் அதே சமயத்துல தனியா அங்க வந்து சேர்ந்தார். அதுக்கு முந்தின பலமான காந்தத்துக்கு சமாரியமும் கோபால்ட்டும் வேணும், ரெண்டும் விலை. இது அதைவிட பலம், பெரும்பகுதி வெறும் இரும்பு. (ஒரு குறுக்குப் பேச்சு: பொம்மையில வர்ற குட்டி உருண்டைக் காந்தமும் இதுதான். குழந்தை ரெண்டை விழுங்கினா குடலுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு இழுத்து ஓட்டை போட்டுரும். வெளியே வந்துரும்னு காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.)

தம்பி வாங்கப்போற மோட்டாரோட வெளிக்கூட்டுக்குள்ள வரிசையா ஒட்டியிருக்கிறது இந்தக் காந்தம்தான். தூத்துக்குடி துறைமுகத்துலருந்து நீளநீள லாரியில காற்றாலை இறக்கை போகுதே, அதுல சில வகையோட ஜெனரேட்டர்லயும் இதுதான்.

ஒரு பலவீனம் உண்டு: சூடு. சாதா ரகம் 80 டிகிரி தாண்டினா காந்தம் இறங்க ஆரம்பிச்சிரும், குளிர்ந்தாலும் முழுசாத் திரும்பாது. அதுக்குத்தான் டிஸ்ப்ரோசியம் கலப்பாங்க. நம்ம மோனசைட்ல நியோடிமியம் நல்லா இருக்கு, டிஸ்ப்ரோசியம் ரொம்பக் குறைவு. அதனால 2025 ஏப்ரல்ல சீனா டிஸ்ப்ரோசியம் உட்பட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அது சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் நம்ம கார் கம்பெனிகள் திண்டாடிப் போச்சு. மணல் நம்மகிட்ட, காந்தம் அவங்ககிட்ட. நூறு வருஷத்துக்கு முன்னாடி மணல் நம்மகிட்ட, மேன்டில் அவங்ககிட்டன்னு இருந்த மாதிரியே.

அப்போ தோண்டிர வேண்டியதுதானே? இங்கதான் எனக்கு அவசரம் பிடிக்கல.

தாதுமணல் கொள்ளையைப் பத்தி தூத்துக்குடிக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. 2013ல வைப்பாறுல சோதனை நடந்து, தடை இங்க ஆரம்பிச்சு மத்த மாவட்டங்களுக்கும் போச்சு. இப்போ கிள்ளியூர் பக்கம் 1,144 ஹெக்டேர்ல தோண்ட அருமணல் நிறுவனம் கேக்குது, மீனவ கிராமங்கள் எதிர்க்குது. அவங்க கேக்குற முதல் கேள்வி: புற்றுநோய் வருமா?

தெரிஞ்சதைச் சொல்றேன். இதே மாதிரி மோனசைட் மணல் இருக்கிற கேரள கருநாகப்பள்ளியில திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்துக்காரங்க ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியா பத்தரை வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலா இருக்கிற வீட்டுல வாழ்ந்தவங்களுக்குப் புற்றுநோய் அதிகம்னு தெரியல. 2009ல வெளியான ஆய்வு, ஒழுங்கா செஞ்சது. அதை மறைச்சு மக்களைப் பயமுறுத்துறது தப்பு.

அதே சமயம், அந்த ஆய்வை நீட்டி "சுரங்கத்தால ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றதும் தப்புதான். அது அசையாமக் கிடக்கிற மணல் மேல வாழ்ந்தவங்களைப் பத்தினது. தோண்டி, சலிச்சு, காயவெச்சு, தூசியை மூச்சுல இழுக்கிறது வேற விஷயம். கடலரிப்பும் நிலத்தடி நீருக்குள்ள உப்பு ஏறுறதும் புற்றுநோய்க் கணக்குலயே வராது. ஒரு வாளி மண் எடுக்கிறதுக்கு முன்னாடி ஊர் ஊரா புற்றுநோய், சிறுநீரகம், நுரையீரல், குழந்தைப் பிறப்பு எல்லாத்தையும் எண்ணி, அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையில தமிழ்ல ஒட்டணும். எண்ணுறவங்க தோண்டுற நிறுவனத்துக்கிட்ட சம்பளம் வாங்குறவங்களா இருக்கக் கூடாது. பத்து வருஷம் கழிச்சு "முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு"ன்னு ரெண்டு தரப்புல யார் சொன்னாலும் எடுத்துப் பாக்க ஒரு தாள் இருக்கணும்.